பக்கத்துக்கு எண்பது ரூபாய்

தேரடிக்குப் பின்னால், லேமினேஷன் வாடை அடிக்கும்
ஏழடிக் கடையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன்.
பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம்,
துபாய்க்குப் போகிறவனின் வெல்டிங் அனுபவம்.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எண்பது.
தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நூறு.
அந்த இருபது ஏன் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆள் வந்தான்.
சட்டை மடிப்பு கலையவில்லை,
ஷூ விளிம்பில் மட்டும் கறுப்பு.
ஒரே தாள். ஏழு வாக்கியம்.
நாலாவதில் நின்றுவிட்டேன்:
எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய சம்பவத்தை
நிர்வாகம் ‘டிப்ளோர்’ செய்கிறது.

அட்டை போன அகராதியைப் புரட்டினேன்.
ஒன்று, கண்டி.
இரண்டு, வருந்து.
நடுவே ஒரு அரைப்புள்ளி.
ஒரே மீட்டரில் கரண்ட் இழுத்துக்கொண்டு
முகம் பார்க்காமல் இருக்கும் இரண்டு குடித்தனம்போல.
அடியில் பொடியெழுத்தில் வேர்ச்சொல்:
லத்தீனில் அது ஓலமிட்டு அழுவதாம்.

அழுவதா?
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
கம்பெனி முத்திரை தெரிந்தது.

‘வருந்துகிறது’ என்று அடித்துக் கொடுத்தேன்.
மறுநாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
வக்கீல் சொல்லிவிட்டாராம்,
வருத்தம் என்று எழுதினால் கோர்ட்டில் அது சாட்சி.
வருந்துகிறவன் ஏதோ செய்தவன்.
கண்டிக்கிறவன் கை சுத்தம்.
மாற்றினேன்.
ஒரு லாரி கடந்து போகும் நேரம்கூட ஆகவில்லை.
எண்பதைச் சில்லறையாக எண்ணி வைத்தான்.

ஞாயிறு சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் வாசித்தார்கள்.
என் தமிழைக் கேட்க நானும் போயிருந்தேன்,
கடைசி வரிசை, மின்விசிறி இல்லாத பக்கம்.
மைக் கரகரத்தது:
நிர்வாகம் வன்மையாகக் கண்டிக்கிறது.
‘வன்மையாக’ நான் போட்டதில்லை.

தேசம்மாள் எழுந்தாள்.
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
கழுத்துத் தண்ணீரில் நின்று
அடிச்சேற்றைத் தடவி இறால் எடுக்கிறவள்.
மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும்
உள்ளங்கை ரேகையில் கறுப்பு நிற்கிறது.

“இன்னாது, கண்டிக்கிறாங்களா?
யார? ஆத்தையா?
எண்ணெய வுட்டதும் அவுங்கோ,
கண்டிக்கிறதும் அவுங்கோளா?
நாங்க யாருன்னு சொல்லிட்டுப் போங்க,
சாட்சியா, குத்தவாளியா?”

சிரிப்பு எழுந்து
பாதியில் அடங்கியது.
மேடையில் ஒருவன் போனைப் பார்த்தான்.
அவள் உட்கார்ந்தாள். கையைப் பார்த்தபடி,
மைக்குக்கு எட்டாமல்,
“யாரப் போய் நொந்துக்க.”

நொந்துக்க.

வீடு வரை அந்தச் சொல் கூடவே வந்தது.
கால் நோகிறது என்கிறோம்.
ஊரை நொந்து என்ன பயன் என்றும் சொல்கிறோம்.
வலிக்கும் பழிக்கும் ஒரே வினை,
அரைப்புள்ளி கிடையாது.
நோகாமல் நோன்பு கும்பிடலாம்.
நோகாமல் யாரையும் நொந்துகொள்ள முடியாது.
இத்தனை வருஷம் இதை வாயில் வைத்துக்கொண்டு
அகராதியைப் புரட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும்
பழைய ஃபைலை எடுத்து அடித்துப் பார்த்தேன்:
நிர்வாகம் நொந்துகொள்கிறது.
வாக்கியம் நிற்கவில்லை.
இலக்கணத்தில் பிழை இல்லை,
எழுவாய்க்குத்தான் உடம்பு இல்லை.
நிர்வாகத்தை அழித்தேன்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
‘நான்’ என்று அடித்தேன்,
கடைசி எழுத்துகளை மாற்றினேன்.
நின்றது.

அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.
மேஜை இழுப்பறையில் அந்த எண்பது,
நாலு இருபதுகள்,
இன்னும் செலவாகாமல்.

அச்சு எடுக்கவில்லை.
வெளியே கண்டெய்னர் லாரிகள்
துறைமுகத்துக்கு வரிசை கட்டியிருந்தன.
யாரோ ஆதார் அட்டையை நீட்டினார்கள்.
முன்னும் பின்னும்,
ரெண்டு காப்பி.