முப்பத்தாறாவது

பெர்விக்‌ஷயர். செப்டம்பர். காலை ஆறரை.
வெயில் ஏறுமுன் எண்ணிவிட வேண்டும்,
ஏறினால் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

நேற்று மாலை ஒன்பது தட்டுகளைக் கவிழ்த்துவைத்தேன்
டபிள்யூ எழுத்தின் வடிவில், வயல் முழுக்க.
பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சாதாரணத் தட்டுகள்,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு கரண்டிக் கோழித்தீவனம்.
விருந்துக்கு அழைத்துவிட்டுத் தலையை எண்ணுகிற வேலை.

டூகல்ட் ரென்விக்கின் கோதுமை இன்னும் முளைக்கவில்லை.
முளைக்கும்வரை ஓடில்லா நத்தை காத்திருப்பதில்லை.
விதையின் கருவைக் குடைந்து தின்றுவிட்டு
உமியை அப்படியே விட்டுப்போகும்,
பூட்டிய வீட்டில் திருட்டுப் போனதுபோல.

முதல் தட்டில் இரண்டு.
இரண்டாவதில் ஏழு, ஒன்றன்மேல் ஒன்று,
மழையில் ஊறிய தோல் பொத்தான்கள்.
மூன்றாவதில் நத்தையே இல்லை.
ஒரு கருவண்டு மட்டும், கூரையைத் தூக்கிய கோபத்தில்
என் பூட்ஸின்மேல் ஏறி ஓடியது.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்: வண்டு, 1.

நான்கில் ஆறு. ஐந்தில் ஐந்து.
ஆறாவதை நரி புரட்டிப் போட்டிருந்தது;
தீவனம் காலி, நத்தை ஒன்று, ஏமாந்த முகத்தோடு
(முகம் என்று எதைச் சொல்கிறேன்?).
ஏழில் ஆறு. எட்டில் மூன்று.
ஒன்பதில் ஐந்து. கூட்டினால் முப்பத்தைந்து.

சராசரி நான்கைத் தொட்டால் குருணை மருந்து தூவலாம்.
முப்பத்தாறு வேண்டும்.

டூகல்ட் கேட்டருகே, வண்டியை அணைக்காமல்.
போன வருடம் நான் பொறுங்கள் என்றேன்.
பொறுத்தார். கீழ்வயலில் பாதியை மறுபடி விதைத்தார்.
அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.
பேசியிருக்கலாம்.

அப்போதுதான் பார்த்தேன்:
தட்டு மண்ணில் பதித்த வட்டக் கோட்டின்மேல்
ஒன்று. பாதி உள்ளே, பாதி வெளியே.
வருகிறதா, போகிறதா?
கொம்பை நீட்டியது. இழுத்துக்கொண்டது.
கையேட்டில் ‘தட்டின் கீழ்’ என்றுதான் இருக்கிறது.

குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் நனைந்தது.
நத்தை வேகம் என்று எளிதாகச் சொல்கிறார்கள்,
யாரும் அதற்காகக் காத்து நின்றதில்லை போல.
ஹாரன் ஒருமுறை, மரியாதையாக.

விரலால் எடுத்தேன்.
எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல்
உள்ளங்கையில் வைத்தபடி கேட்டுக்கு நடந்தேன்.

“எத்தனை, மார்சலி?”

கையை விரித்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார்,
வெகுநேரம்.
“இது கணக்கில் உண்டா?” என்றார்,
எஞ்சினை அணைத்துவிட்டு.

தூறல் விழத் தொடங்கியிருந்தது.
அந்தப் பிசுபிசுப்பு தண்ணீரில் போகாது,
தேய்க்கத் தேய்க்கக் கூடும்.