பச்சைப் புள்ளி

டண்டீ. செவ்வாய். மழை.
திரையில் எஃபி ஆகில்வி: வயது எழுபத்தொன்பது,
கணவர் இறந்து மூன்றாம் மாதம்,
இரவு இரண்டு மணிக்கு நாய்க் காப்பகப் பக்கத்தைத் திறந்தவர்.
பெயரருகே பச்சைப் புள்ளி:
இப்போது கேட்டால் இருமடங்கு தருவார்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.
கணக்கு தவறியதே இல்லை,
அதுதான் மோர்வெனை உறுத்துகிறது.

இந்தப் புள்ளியை அணைக்க
எடின்பரோவில் ஓர் அறக்கட்டளை பணம் தந்திருக்கிறது,
பதினெட்டு மாதத்துக்கு.
கேட்காமலிருக்க ஒரு நிதி!
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
கணக்காளர் டூகல் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

துக்கம் என்ற நெடுவரிசையை அழித்தாள்.
கூண்டுகளில் முப்பத்தொரு நாய்கள்.
தீவனக் கடை பாக்கி மேசையில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமைத் தபாலில்
எஃபியின் காசோலை, ஐந்து பவுண்டு.
கூடவே ஒரு சீட்டு:
"இப்போதெல்லாம் நீங்கள் ஏன் கூப்பிடுவதே இல்லை?"