கடினம்: ஏழு

முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரே ஓர் உருப்பெருக்கி.
அதன் கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கும்.
உடைந்த குளியலறை ஓட்டின்
பளபளக்காத முதுகைத் திருப்பி வைத்து
இன்றைக்கு இதுதான் உரைகல் என்றேன்.

பொன்னாய் மின்னிய கல்லைத் தேய்த்தான் ருஃபினோ.
விழுந்தது கரிக்கோடு.
மின்னுவதெல்லாம் என்று நான் வாயெடுப்பதற்குள்
"பைரைட், டீச்சர்.
எங்கள் வீட்டுக் கதவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்."

லா பாஸிலிருந்து வந்த பாடநூலில்
கடற்கரை, கிளிஞ்சல், ஈர மணல்.
கடலில்லாத நாடு இது,
தேநீர் சீக்கிரம் கொதித்துச் சீக்கிரம் ஆறிப்போகும் உயரம்.
அந்தப் பக்கங்களை விரைந்து புரட்டினேன்.
(மலைக்குள்ளும் கிளிஞ்சல் உண்டு.
அது அடுத்த பருவத்துக்கு.)

தராசு கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தேன்.
இரண்டு கறுப்புக் கற்களை
அவர்கள் கண்ணை மூடச் சொல்லிக் கையில் வைத்தால்
ஒருவர்கூடத் தவறவில்லை:
இது வெள்ளீயத் தாது, இது வெறும் கல்.
நாலாவது கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பிறகு கடினம்.
நகம் கீறினால் இரண்டு.
செம்புக் காசு கீறினால் மூன்று.
ஆணிக்கு விட்டுக்கொடுப்பவை நாலு, ஐந்து.
ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில்
குவார்ட்ஸை அழுத்தி இழுத்தேன்.
வகுப்பே பல் கூசிக் கத்தியது.
தலைமையாசிரியர் எலியோதோரோ
இன்னும் என்னை மன்னிக்கவில்லை.
ஏழு, என்று எழுதினேன் பலகையில்.
கரையாது, தேயாது, எளிதில் எதனோடும் சேராது
என்று சொல்லும்போது
என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது,
சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

வீட்டுப்பாடம்:
இது எதையெல்லாம் கீறும்? பட்டியலோடு வா.

வந்தன பட்டியல்கள்.
கரண்டி. அம்மாவின் சட்டி.
மாமாவின் கைபேசித் திரை (அடி விழுந்தது).
தேவாலயப் படியில் ஓர் எழுத்து, யார் எழுதியதென்று கேட்காதீர்கள்.

நியேவெஸ் பட்டியல் எழுதவில்லை.
பனி என்று அர்த்தம் அவள் பெயருக்கு;
மார்போடு அணைத்திருந்தாள் ஒரு பெரிய பழுப்பு உறை.
எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.
நேற்றைய கீறலுக்கு மேலேயே
அந்தப் படச்சுருளை அழுத்திப் பிடித்தாள்.

விலா எலும்புகள்.
எலும்புகளின் இடைவெளியெங்கும்
தூவியதுபோல் வெள்ளை.

"அப்பா. துளைபோடும் இயந்திரத்தில் பதினாலு வருஷம்.
இதையும் கீறும், டீச்சர்."

கரையாது. தேயாது.
பலகையில் என் கையெழுத்து அழியாமல் இருந்தது.

ருஃபினோதான் முதலில் எழுந்தான்.
கேட்காமலே உருப்பெருக்கியை எடுத்தான்.
கண்ணோடு ஒட்டி வை, பிறகு பொருளை நெருங்கு
என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே
நெருங்கினான்.
அவன் பின்னால் இன்னொருத்தி.
பிறகு வரிசை, ஜன்னலிலிருந்து கதவுவரை,
தள்ளுமுள்ளு இல்லாமல்,
இந்த வகுப்பில் முதல் தடவையாக.

"துகள் தெரியல, வெள்ளைதான் தெரியுது"
என்றான் ஒருவன். சரியான அவதானிப்பு.
சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நுரையீரலுக்கு எத்தனை போடணும்?"
பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்,
பென்சில் கட்டத்தின் மேல் தயாராக.
எங்கள் அளவுகோல் ஒன்றில் தொடங்குகிறது,
முகத்துக்குப் பூசுகிறார்களே, அந்தப் பவுடர்க் கல்லில்.
அதற்குக் கீழே
யாரும் கட்டம் போட்டு வைக்கவில்லை.

நியேவெஸ் படத்தை உறைக்குள் நுழைத்தாள்,
மூலை மடங்காமல், மெதுவாக.
மதியத்துக்குள் ஓய்வூதிய அலுவலகத்தில் காட்ட வேண்டுமாம்.

"அங்கே வேற கணக்கு, டீச்சர்" என்றாள்,
எனக்கு விளங்கவேண்டுமே என்ற பொறுமையோடு.
"அவங்க சதவீதத்துல அளப்பாங்க."