இடது கால்

கும்பகோணம் பெரிய தெருவில் வாங்கியது.
அசல் தோல் என்று கடைக்காரர்
தீக்குச்சி கிழித்து விளிம்பில் காட்டினார்.
பற்றவில்லை. ஆயிரத்து எண்ணூறு.

மூன்றாம் நாள் பேசத் தொடங்கியது.
வலது ஊமை.
இடது மட்டும், அடிக்கு ஒரு தரம்,
எண்ணெய் காணாத கீல் மாதிரி
கிறீச்.

நான் குழுக்கடன் வசூலிக்கிறவன்.
நீடாமங்கலம் கிளை, ஒன்பது ஊர், முப்பத்தொரு குழு.
டை கட்டாயமில்லை, கறுப்பு ஷூ கட்டாயம்.
வெண்ணாற்றுப் பாலத்தடியில் வண்டியை விட்டு
வரப்பில் இறங்கினால்
நாற்றுப் பறிக்கிறவர்கள் நிமிராமலே சொல்வார்கள்,
"தவணை வருது."

முதல் வைத்தியம் பவுடர்.
உள் அட்டையைக் கிளப்பி அடியில் தூவினேன்.
ஒரு நாள் அமைதி. மறுநாள் சாக்ஸ் முழுக்கத் திருநீறு.
அடுத்தது தேங்காயெண்ணெய், கிளையில் ஜெரால்டு சொன்னது.
தையலோரம் தடவி வெயிலில் வைத்தேன்.
எறும்பு வந்தது, சத்தம் அப்படியே.
ஈரமாயிருக்கும் என்று செய்தித்தாளைத் திணித்தேன்.
காலையில் உருவினால்
நெல் கொள்முதல் செய்தி நமுத்துப்போயிருந்தது.

ரயில்வே கேட் மூடினால்
நீடாமங்கலத்தில் யாருக்கும் அவசரமில்லை.
அந்த நேரத்தை நம்பித்தான் கேட்டோரம் பெட்டி போட்டிருக்கிறான்
மதலைமுத்து, என் வயசுதான், காதில் புளூடூத்.
ஒரு காதை விடுவித்து ஷூவை வளைத்துக் கேட்டான்.
"வயித்துல இருக்கு சார்."
அட்டைக்கும் அடித்தோலுக்கும் நடுவில்
விரல் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை.
ஒட்டு விட்டு, நடக்க நடக்கத் தோலோடு உரசல்.
நெம்பினான், மெழுகு தேய்த்தான், பசை வைத்தான்,
இரண்டு ஆணி இறக்கி, மேலே கருங்கல்லை ஏற்றினான்.
மன்னார்குடி வண்டி போயிற்று.
பின்னாலேயே கூட்ஸ், ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
நூற்றிருபது ரூபாய்.
கிளை வரை நடந்தேன். என் காலே எனக்குக் கேட்கவில்லை.

செவ்வாய், பத்தரை மணி, புஷ்பவல்லி வீட்டுக் கொட்டகை.
படல் வரை வந்துவிட்டேன், ஒருவரும் திரும்பவில்லை.
உள்ளே ஒரு பொடியன் நடந்துகாட்டிக்கொண்டிருந்தான்.
இடது காலை ஊன்றும்போது வாயால் கிறீச்,
வலதுக்கு வாயை மூடிக்கொண்டான்.
அத்தனை சுத்தம்.
பத்துப் பெண்களும் குலுங்கினார்கள்.
குலுங்கிக்கொண்டே கை மாறிக் கை
ஐம்பது, நூறு, சுருங்கிய இருபது.
"இந்திராணி பங்குல எழுநூறு இடிக்குது."
"பாலத்துல சத்தம் கேட்டா
இங்க வர அஞ்சு நிமிஷம். தேத்திடலாம்."
மூலையில் இந்திராணி
யாரையும் பார்க்காமல்
காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த ஐந்து நிமிஷம் எனக்குத் தெரியாது.
வாராவாரம் நான் நுழையும்போது
பாயில் வட்டம், நடுவில் அடுக்கிய பணம்.
நோட்டில் 'முழுமை' என்று எழுதுவேன்.
போன மாதம் கிளையில் கைகூடத் தட்டினார்கள்.

இருமியிருக்கலாம்.
பின்காலாகவே நகர்ந்து
பாலம் வரை போனேன்.
மதகடியில் தண்ணீர் கலங்கி ஓடியது.
ஆயிரத்து எண்ணூறு, நூற்றிருபது
என்று ஒரு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு
இடது காலை இறக்கினேன்.

திரும்பி நடந்தால் கிறீச் வரவில்லை.
சளக். சளக்.
வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.
நாற்றங்காலில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

பாயில் வட்டம். நடுவில் பணம்.
"என்ன சார், கால்?"
"வழுக்கிட்டுது."
பொடியன் என் இடது காலையே பார்த்தபடி
உதட்டை மட்டும் அசைத்துப் பழகினான்.
நோட்டைப் பிரித்தேன். எண்ணினேன். சரியாயிருந்தது.
இந்திராணியின் ஒரு காதில் தோடு மினுங்கியது.
மறு காதின் மேல்
முந்தானையை இழுத்து விட்டிருந்தாள்.