ஈரம் போக

களியல் சந்திப்பில் இறங்கி
ஆற்றுப் பக்கம் திரும்பினால்
நீலத் தார்ப்பாய் போட்டது எங்கள் கடை.
பலகையில் ஒரு வரி என்னுடையது:
விறகு கிடைக்கும்.
கீழ் வரி றீத்தாவுடையது:
விறகு மிச்சமாகும் அடுப்பு கிடைக்கும்.
எழுத வந்த பெயிண்டர் இரண்டு தடவை கேட்டான்
ஒரே கடைதானா என்று.

இரண்டு மழைக்கும் நடுவில் கிடக்கிற ஊர்.
இடவத்தில் நனைந்தது
துலாத்துக்குள் காய்ந்தால் அதிர்ஷ்டம்.
வருவது பெரும்பாலும் ரப்பர்.
பால் வற்றி,
இருபத்தைந்து வருடத்து வெட்டுத் தழும்போடு
டெம்போவிலிருந்து சரியும்.
பச்சையாய் நிறுத்தால்
நூறு கிலோவில் நாற்பது தண்ணீர்.
சுகுமாரன் எனக்கு நிறுத்துத் தருவது
அந்தத் தண்ணீரோடு.
நான் ஊருக்கு நிறுத்துக் கொடுப்பதும்,
சரி, ஒளிப்பானேன்,
பாதித் தண்ணீரோடு.

லில்லிபாய் அக்காவுக்கு இது தெரியும்.
இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள்.
ணங்கென்றால் காய்ந்தது.
தொப்பென்றால் என் முகத்தைப் பார்ப்பாள்.
"இது வெறகா, வெள்ளமா?"
ஐந்து கிலோ கூடப் போடுவேன்.
தட்டத் தெரியாதவர்களுக்குப் போடமாட்டேன்.

றீத்தாவின் அடுப்பு ஈர விறகை வைத்தால் இருமும்.
வாங்கியவர்கள் அவளிடம் வருவார்கள்,
அவள் என்னிடம் வருவாள்.

ஒரு ராத்திரி நோட்டைக் கூட்டிப் பார்த்தேன்.
அவள் அடுப்பு வைத்துக் கொடுத்த வீடு
மாதம் மூன்று கட்டு குறைத்து வாங்குகிறது.
கும்பத்திலிருந்து முப்பத்தோரு வீடு.
தொண்ணூற்று மூன்று கட்டு.
அவள் முன்னால் வைத்தேன்.
விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள்.
"கணக்கு சரிதான்" என்றாள்.

பிறகு வில்பிரட்டின் போர்மா.
திங்கள்தோறும் அரை லோடு எடுப்பவர்,
கடன் சொல்லாத ஒரே ஆள்.
பின்சுவர் வெடித்துச் சூடெல்லாம் சந்துக்குப் போகும்.
ரொட்டி ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு.
சந்துப் பூனைகள் சுகமாய்க் கிடக்கும்.
அந்த வெடிப்பை நான் இரண்டு வருடமாய்ப் பார்க்கிறேன்.
சொன்னதில்லை.
மகனின் பாலிடெக்னிக் பீஸ்
அது வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

பன் வாங்கப் போன றீத்தா
சும்மா சாய்ந்து நின்றபோது
அந்தச் சுவரில் கையை வைத்துவிட்டாள்.

இரண்டு ராத்திரி போர்மா அணைந்து கிடந்தது.
இடுப்பு வரை உள்ளே நுழைந்து
சாம்பல் நிற முடியோடு வேலை செய்தாள்.
டார்ச் பிடித்தது நான்.
"லோடு பாதியாகும்" என்றேன்
அவள் பாதங்களிடம்.
உள்ளேயிருந்து குரல் வந்தது:
"அந்தச் சாந்துக் கரண்டிய இஞ்ச நீட்டுங்க."

அடுத்த திங்கள் வில்பிரட் எடுத்தது கால் லோடு.
பணத்தோடு ஒரு பொட்டலம் பன்.
பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
எல்லாப் பக்கமும் ஒரே நிறம்.
ருசியாகவும் இருந்தது, சனியன்.

எங்கள் வீட்டில் இருப்பது
அவள் முதன்முதலில் கட்டிய அடுப்பு.
வாய் கோணல்.
புகை குழாயை விட்டுவிட்டு எங்களைத் தேடி வரும்.
இடித்துக் கட்ட அவளுக்கு நேரமில்லை.
கடையில் விலைபோகாத ஈரமெல்லாம் அதற்குத்தான்.
ஒட்டுப்பால் துண்டைக் கொளுத்திச் செருகி
கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டன்சாயா போடுவோம்.

நேற்று பேச்சிப்பாறைப் பக்கமிருந்து
ஒரு பையன் வந்தான், பைக்கில்.
ஐம்பது கிலோ கேட்டான்.
தட்டிப் பார்க்கவில்லை,
போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.
தராசு ஐம்பதில் நின்றது.
சீட்டில் ஐம்பது என்று எழுதினேன்.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பக்கத்தில் எழுதினேன்: ஈரம் போக.
எவ்வளவு என்று எழுதவில்லை.
அவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது
இன்னும் நாலு துண்டு எடுத்து
மேலே வைத்தேன்.
நாலோ, மூன்றோ.
மழை இரைந்து வந்தது,
சரியாகப் பார்க்கவில்லை.