இருபத்து மூன்று புள்ளிகள்

எலியோதோரோ பேசி முடிக்குமுன்பே
சமையல் கடிகாரம் கிணுகிணுத்துவிட்டது.
கீழே ரொட்டிக்கடையில்
மாவு பிசையும் இயந்திரம் ஓயவில்லை.
வால்பரைசோ துறைமுகத்தில்
நாற்பது டன் பெட்டியை
முட்டை போல இறக்கி வைக்கிற கை,
ஒரு தாளைப் பிடிக்க நடுங்கியது.

இன்று கருத்துச் சொல்ல என் முறை.
"எஸ்தே... எஸ்தே..." என்று அவன் இழுத்த போதெல்லாம்
ஒரு புள்ளி வைத்திருந்தேன்.
இருபத்து மூன்று.

"நல்ல குரல், ஆனால்..." என்று தொடங்கினேன்.
காதுமடல் சிவந்தது அவனுக்கு.
"தகவல் எல்லாம் சரி, ஆனால்..."
குனிந்து ஏதோ குறித்துக்கொண்டான்.
நான் நிறுத்தவில்லை. வேகம் வந்துவிட்டது எனக்கு.

பக்கத்தைத் திருப்பப் போனபோதுதான் பார்த்தேன்:
புள்ளியெல்லாம் மேல் பாதியில்.
கீழே வெறும் வெள்ளை.
எங்கே நின்றது?
தாளை மடித்துச் சட்டைப் பையில் செருகிவிட்டு
எரிவாயு உருளையைத் தோளில் ஏற்றி
நூற்று அறுபத்திரண்டு படி ஏறியதைச் சொன்னானே,
எண்பதாவது படியில் இறக்கி வைத்து,
கடலைப் பார்க்காமல்
தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றதை,
அங்கே.

"உருளையிலிருந்து தொடங்கு" என்றேன்.
"மலைத்தூக்கியைப் பூட்டிய தேதி, தீர்மான எண்
எல்லாம் நகர மன்றத்திடம் இருக்கிறது.
எண்பதாவது படி அவர்களிடம் இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
"எனக்கு எத்தனை, ரோசால்பா?"
சொன்னேன்.
"உனக்கு ஏழு" என்றான்,
தன் தாளைத் திருப்பிக் காட்டி.
"எஸ்தேயா? நானா?"
"இல்லை. ஆனால்."