ஆறாம் இலக்கக் கத்தரிக்கோல்

கோட்டைத் தபால் கந்தோர் மேல்மாடியில்
தமிழ்க் கடுதாசி வாசிக்க எங்களை நாலு பேர் வைத்தார்கள்.
எனக்கு ஆறாம் இலக்கக் கத்தரிக்கோல்.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

கப்பலின் பேரை வெட்டு.
பீரங்கி பார்க்கும் திசையை வெட்டு.
மழையை வெட்டு.
மழையையுமா என்று கேட்டேன்.
மேகம் எங்கே நிற்கிறதென்று தெரிந்தால்
விமானம் எப்போது வரலாமென்று தெரிந்துவிடுமாம்.
ஆகவே, கொட்டாஞ்சேனை மதலேனாள்
சிங்கப்பூரில் இருக்கும் சூசைதாசனுக்கு
"மூன்று நாளாய்ச் சோனாவாரி, கூரை ஒழுகுது"
என்று எழுதியதில்
கூரை மட்டும் கப்பலேறியது.
தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டென்பது
கத்தரிக்கோலின் வேலையில் சேராது.

பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது.
அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.
போக வழியில்லாத கடுதாசிகளையும்
வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தோம்.

உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசை முடியவில்லை.
நான் மருதானைப் பாலத்தில்
சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.
கடற்பக்கம் புகை.
மறுநாள் பாதிக் கொழும்பு கண்டி றோட்டில்,
கோழிக் கூட்டோடு, தையல் மெசினோடு,
குத்துவிளக்கைத் தலைகீழாய்ப் பிடித்த ஒருவரோடு.
எட்டாம் நாள் அவளுடைய கடுதாசி:
வானத்தில் வேடிக்கை காட்டுகிறார்களென்று
பிள்ளைகள் கைதட்டினதாம்,
பிறகு
வெட்டினேன், இன்னும் வெட்டினேன்.
"அன்புள்ள" மிஞ்சியது. "இப்படிக்கு" மிஞ்சியது.
இடையில் என் மேசை தெரிந்தது.

செட்டியார் தெரு அடைக்கப்பன் எழுத்து
எறும்பு ஊர்ந்த மாதிரி.
காரைக்குடிக்கு எழுதுவார்:
"ரங்கூன் வயல் ஏட்டில் இருக்கு, ஏடு என்னிடம் இருக்கு,
வயலில் யார் இருக்கிறானென்று தெரியவில்லை.
இதை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா?"
யுத்த இரகசியமா இது என்று துரையைக் கேட்டேன்.
அவருக்கும் தெரியவில்லை. விட்டோம்.

ஜேர்மனி முடிந்ததென்றார்கள்.
எங்கள் மேசையில் ஒன்றும் குறையவில்லை.
ஓகஸ்டில், ஒரு சிப்பாயின் அட்டை, பர்மாவிலிருந்து:
"ஒரே ஒரு குண்டாம் அண்ணை. ஒரு பட்டணம்."
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கப்பல் இருந்தது, பாலம் இருந்தது, மழை இருந்தது.
இதற்கு இலக்கம் இல்லை.
துரைக்கு இங்கிலீசில் சொன்னேன்.
பைப்பைத் தட்டி அணைத்துவிட்டு
ஜன்னலடியில் வெகுநேரம் நின்றார்.
"விடு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ராத்திரி
விடியுமட்டும் துறைமுகத்தில் கப்பல்கள் ஊதின.
வென்றது யாரென்று ஊதலில் தெரியாது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.
துரை எனக்கு முதல்முறை கதிரை காட்டினார்.
அடுத்த வருசம் லண்டனிலிருந்து எழுதினார்:
அங்கே பாணுக்கும் கூப்பனாம்,
நல்ல தேயிலை இரண்டு இறாத்தல் கிடைக்குமா.
மோதிரம் அடகு வைக்கப் போன இடத்தில்
துண்டுச் சீட்டில் எறும்பெழுத்து.
அவர்தான். நான் யாரென்று சொல்லவில்லை.
"றப்பர் வித்த காசெல்லாம் லண்டனில் கிடக்கு.
ராசா எங்களுக்குக் கடன்காரன்.
கொடுத்தவன் கைகட்டி நிற்கிற வட்டிக்கடையை
எங்கேயாவது கண்டதுண்டா?
இப்ப ராசாவும் டொலருக்குக் கையேந்துகிறார்.
உலகத்தின் பெட்டியடி கடல் மாறிப் போச்சு, தம்பி."
என் மோதிரத்துக்கு வட்டி மட்டும்
பழையபடி.

வெட்டிய துண்டுகளையெல்லாம் சாக்கில் கட்டி
முன்னமே முற்றத்தில் எரித்திருந்தார்கள்.
ஒன்றை நான் ஒளித்தேன்.
ஒரு பக்கம் மழை.
மறுபக்கம், அன்று நான் பாராமல் வெட்டியது:
"நீங்கள் வந்தால் பிள்ளைக்கு"
அவ்வளவுதான்.
விலாசம் எனக்கு மனப்பாடம்.
ஒரு நாள் அந்தத் தெருமுனை வரை போனேன்.
தூறல் பிடித்தது. திரும்பிவிட்டேன்.

கத்தரிக்கோலை ஒப்படைத்த அன்று
பண்டசாலைக்காரன் அலகை விரலால் தடவிப் பார்த்து
என் பேருக்கு நேரே எழுதினான்:
மழுங்கியது.